பார்ஹார்ன் ஏறும் முன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

ஆல்ப்ஸ் என்றால் நம்மவர்களுக்கு மேட்டர்ஹார்னும் யுங்ஃப்ராவ் ரயிலும்தான். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், டுர்ட்மன் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் பார்ஹார்னைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. உயரம் 3,610 மீட்டர். கோடையில் பனியாற்றை மிதிக்காமல், குறியிட்ட பாதையிலேயே உச்சிக்குப் போய்விடலாம். ‘நடைதானே’ என்ற இந்த அலட்சியம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. விசாவுக்காக வாங்கிய பயணக் காப்பீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மலையேறுகிறார்கள். அடிபட்டால் மீட்புச் செலவுக்கான பில்லோடு ஊர் திரும்பி அலைகிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

டுர்ட்மன் ஊரிலிருந்து கேபிள் கார் ஓபரெம்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து கோடையில் சிறிய பஸ்ஸில் க்ரூபன், பிறகு நடை. 2,519 மீட்டரில் உள்ள டுர்ட்மன் மலைக்குடிலில் இரவு தங்குங்கள். ஒரே நாளில் ஏறி இறங்கும் வீம்பு வேண்டாம். படுக்கைக்கு முன்பதிவு அவசியம். வரவில்லையென்றால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேட ஆள் கிளம்பக்கூடும். குடிலைத் தாண்டியதும் கெஸ்ஸி என்ற செங்குத்தான பாறையிடுக்கு. பிடித்து ஏறக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அதன்பின் உச்சிவரை கல்லும் சரளையும்தான். குடிலிலிருந்து ஏறவே ஏறக்குறைய நான்கு மணி நேரமாகும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறிகளை விட்டு விலகாதீர்கள். ஜூலைத் தொடக்கத்தில்கூடப் பனி கிடக்கலாம். குடில் பொறுப்பாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிற்பகலில் இடிமழை வரும், விடியற்காலையிலேயே கிளம்புங்கள்.

விபத்து நேர்ந்தால் வாலேயில் அழைக்க வேண்டிய எண் 144. சிக்னல் இல்லையா? நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. ஹெலிகாப்டரைக் கண்டால் இரு கைகளையும் மேலே விரித்து நில்லுங்கள். உதவி வேண்டும் என்று பொருள். உற்சாகத்தில் ஒரு கையை மட்டும் ஆட்டாதீர்கள். ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் இருந்தால் உதவி வேண்டாம் என்று பொருள்.

அந்த ஹெலிகாப்டருக்கு ஆயிரக்கணக்கான ஃப்ராங்க் ஆகும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கேட்கிறார்கள். விசா பிரிவில் அந்தத் தொகையைப் பார்த்து முத்திரை குத்துவார்களே தவிர, அது மலைக்குச் செல்லுமா என்று யாரும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. மலையேற்றத்தையோ, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதையோ விலக்கும் பாலிசிகள் ஏராளம். ‘விலக்குகள்’ பகுதியைப் படித்துவிட்டு, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு இப்படி எழுதுங்கள்: “3,610 மீட்டர் உயர பார்ஹார்னில், குறியிட்ட பாதையில், வழிகாட்டி இல்லாமல் நடக்கும்போது விபத்து நேர்ந்தால் ஹெலிகாப்டர் மீட்பு, மருத்துவமனை, தாயகம் அனுப்பும் செலவு மூன்றும் உண்டா?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் “எல்லாம் கவர் ஆகும் சார்” என்றால் அது பதிலே அல்ல. எழுத்தில் வாங்குங்கள்.

விபத்துக்குப் பின், முடிந்த உடனே பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் கொடுங்கள். மீட்பு நிறுவனத்திடம் இனவாரியான பில்லையும், எங்கே, எப்போது மீட்டார்கள் என்ற அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும்.

கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம், தொலைபேசி எண் 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் கைக்கு வந்ததிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அதே விவகாரத்தை நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்காகப் போட்டிருந்தால் குறைதீர்ப்பாளர் அதை எடுக்கமாட்டார். ஆகவே எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதை மனு எழுதுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.