தோப்பில் எடுக்கும் வாக்குமூலம்

தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்து ஒருவர் இறந்தால், அது விபத்துதானா என்பதை உறுதிசெய்யும் முதல் வேலை பிரேத விசாரணை. இங்கிலாந்தில் 1194 முதல் இதற்கென்றே கொரோனர் இருக்கிறார். சாட்சிகள் அவர் முன்னால் சத்தியம் செய்து பேசுகிறார்கள். இந்தியாவில் மாகாணத் தலைநகரங்களில் மட்டும் இருந்த அந்தப் பதவி சென்னையில் 1889-லும் மும்பையில் 1999-லும் ஒழிந்தது. உத்தமபாளையம் வட்டத்து மார்க்கையன்கோட்டையில் இப்படியொரு சாவு நேர்ந்தால் விசாரணை தோப்புக்கே வரும்.

தகவல் கிடைத்ததும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி நிர்வாகத்துறை நடுவருக்குத் தெரிவித்துவிட்டு, உடல் கிடக்கும் இடத்துக்குப் போகவேண்டும். ஊரில் மதிப்புள்ள இருவராவது உடனிருக்கவேண்டும். இவர்களைப் பஞ்சாயத்தார் என்பது வழக்கம். '174 போட்டிருக்காங்க' என்று ஊர்ப் பேச்சில் இன்றும் அடிபடும் அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 194 ஆகிவிட்டது. அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்பவேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்தது.

காயம், எலும்பு முறிவு, கன்றிய இடம் எல்லாம் அறிக்கையில் ஏறும். மரத்தடிக்கும் உடலுக்கும் எத்தனை அடி, தளைக்கயிறு அறுந்ததா அவிழ்ந்ததா, அரிவாள் எங்கே கிடந்தது, பாளையோரம் குளவிக்கூடு உண்டா என்பதையும் பார்த்து எழுதுவதே முறையான விசாரணை. மட்டைக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால் உள்ளங்கையில் தீக்காயம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். இருந்தால், விழுந்ததற்கே மின்சாரம் காரணமா என்ற கேள்வி எழும். மின்வாரியத்தின் பொறுப்பும் விசாரணைக்குள் வரும்.

உடலைவிடச் சிக்கலானது சாட்சிகளின் பேச்சு. விஷயம் தெரிந்தவர்களை 195-ஆம் பிரிவின்படி அழைக்கலாம். தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்வியைத் தவிர மற்றதற்கெல்லாம் உண்மை சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். கீழே காய் பொறுக்கிய பெண்ணுக்குச் சத்தம் கேட்டிருக்கும், விழுந்ததைப் பார்த்திருக்கமாட்டார். அடுத்த மரத்தில் இருந்தவர் கயிறு நழுவியதைப் பார்த்திருக்கலாம். தோப்புக்காரர் பெரும்பாலும் பிறகு வந்து கேட்டறிந்தவர். இம்மூன்றையும் கலந்து ஒரே வாசகமாக எழுதிவிட்டால் உண்மை அங்கேயே மங்கிவிடும். 'குடிச்சிருந்தாராம்' என்ற செவிவழிச் சொல் பார்த்த செய்தியைப் போல ஏறிவிடுவதுதான் இதில் பெரிய கொடுமை. பல விபத்துக் காப்பீடுகளில் குடிபோதைச் சாவுக்குப் பணம் கிடையாது. அதை உள்ளுறுப்பு ஆய்வு சொல்லட்டும், திண்ணைப் பேச்சு சொல்லவேண்டாம்.

அறிக்கையை ஒப்புக்கொள்ளும் பஞ்சாயத்தார் அதில் கையெழுத்திடுவார்கள். போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது. குற்ற வழக்கில் அது நேரடிச் சாட்சியமும் ஆகாது. பின்னால் கூண்டில் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டப் பயன்படும். பிரேத விசாரணையின் நோக்கம் சாவின் காரணத்தை அறிவதோடு முடிகிறது என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில் சொல்லியிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். குற்றம் ஏதும் இல்லையென்றால் வழக்கு மேல் நடவடிக்கை இல்லாமல் முடிக்கப்படும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறுதி அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்தார் கேட்டு வாங்கிவைக்கவேண்டும். உழவர் பாதுகாப்புத் திட்ட உதவிக்கும், தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரமேறிகள் காப்பீட்டுக்கும், சாவு விபத்தால் நேர்ந்தது என்பதைக் காட்ட இந்தத் தாள்கள்தான் தேவைப்படும்.