இருபது மைல் தெருவில் 240 கிலோமீட்டர் டயர்

மத்திய லண்டனின் நெரிசல் கட்டண வட்டத்துக்குள் முக்கியச் சாலைகளில் 2020 மார்ச் முதல் மணிக்கு 20 மைல்தான் வேக வரம்பு. நம் கணக்கில் 32 கிலோமீட்டர். நகரைச் சுற்றிவரும் எம்25 மோட்டார்வேயில்கூட 70 மைல், அதாவது ஏறத்தாழ 112 கிலோமீட்டர். ஆனால் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ தெருவோரம் நிற்கும் ஒரு குடும்பக் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் 205/55 ஆர்16 91வி என்று இருக்கலாம். கடைசியில் உள்ள ‘வி’ குறிப்பது மணிக்கு 240 கிலோமீட்டர். சட்டப்படி ஓட்டவே முடியாத வேகத்துக்கு எதற்கு இந்த உத்தரவாதம்?

ஒரு காரணம் எளிது. வேக வரம்பே இல்லாத பகுதிகள் உள்ள ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளிலும் அதே கார்தான் ஓடுகிறது. காரால் எட்டக்கூடிய உச்ச வேகத்தை வைத்தே அதன் டயரைத் தீர்மானிக்கிறார்கள். இன்னொரு காரணம் டயருக்குள்ளேயே இருக்கிறது. அது வெப்பம்.

ஓடும் டயர் முழு வட்டமாக இருப்பதில்லை. தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, விலகியதும் மீண்டும் வளைகிறது. நசுங்க வாங்கிக்கொண்ட ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் வெப்பமாகிறது. நாம் பார்த்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 112 கிலோமீட்டர் வேகத்தில் அதன் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு 16 முறை நசுங்கி எழுகிறது. 240-இல் 33 முறைக்கும் மேல். அந்த வேகத்தில், மேற்புறத்தில் உள்ள வெறும் 10 கிராம் ரப்பரைப் பிய்ந்து போகாமல் பிடித்து நிறுத்த 14 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். இன்னும் விரைந்தால் ஒரு விந்தை நிகழ்கிறது. நசுங்கிய பகுதியால் பழைய வடிவத்துக்கு உடனே திரும்ப முடிவதில்லை. தரையை விட்டு எழும் பக்கத்தில் டயரின் மேல் அலைகள் அசையாமல் நிற்கத் தொடங்குகின்றன. வெப்பம் எகிறுகிறது, சிறிது நேரத்தில் டயர் சிதறிவிடும்.

எழுத்துக்கான தேர்வும் இதைத்தான் சோதிக்கிறது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதி 30-இன்படி, ‘எச்’ டயரை (உச்சம் 210) 2 மீட்டர் விட்டமுள்ள இரும்பு உருளையில் அழுத்தி ஓட்டுகிறார்கள். பத்து நிமிடத்தில் 180-க்கு ஏற்றி, 180, 190, 200 என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். 210-இல் இருபது நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம் உடையாமல் தாங்க வேண்டும். சோதனையில் வைக்கும் சுமை உச்சச் சுமையில் 80 விழுக்காடு.

அந்தச் சுமையைச் சொல்வது எழுத்துக்கு முன் உள்ள எண். 91 என்றால் 91 கிலோ இல்லை, 615 கிலோ. 80 என்றால் 450. 100 என்றால் 800. தாறுமாறாகத் தோன்றும் இந்தப் பட்டியலுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு படிக்கும் சுமை ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. 24 படி ஏறினால் இரு மடங்கு, 80 படி ஏறினால் பத்து மடங்கு. 0-க்கு 45 கிலோ, 80-க்கு 450, 160-க்கு 4,500. சின்ன வண்டியின் டயரையும் லாரி டயரையும் ஒரே ஏணியில் நிறுத்த இது போதும்.

எண்ணும் எழுத்தும் தனித்தனி வாக்குறுதிகள் அல்ல. ‘வி’ டயர் தன் 615 கிலோவை முழுதாகச் சுமப்பது 210 கிலோமீட்டர் வரைதான். 240-ஐத் தொடும்போது அனுமதி 91 விழுக்காடாகக் குறைந்து, 560 கிலோவுக்கு வந்துவிடுகிறது. சுமை கூடினாலும் வெப்பம், வேகம் கூடினாலும் வெப்பம். ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்க வேண்டும்.

உண்மையில் சுமப்பது ரப்பர் அல்ல, காற்று. அதை முதலில் உலகுக்குக் காட்டிய ஊர்களில் லண்டனும் ஒன்று. 1845-இல் காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது ராபர்ட் வில்லியம் தாம்சனுக்கு வயது 23. ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றடைத்து, தோலுறை போட்டு, குதிரை வண்டியில் மாட்டி, 1847-இல் ரீஜன்ட்ஸ் பூங்காவில் ஓட்டிக் காட்டினார். டயரின் பெயராக நாம் அறிந்த டன்லப் தன் காப்புரிமையை எடுத்தது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1888-இல். இன்றும் சுமையைக் கூட்டுவது காற்றுதான்: அதே 205/55 ஆர்16 அளவில் ‘எக்ஸ்எல்’ வகையை வாங்கினால் எண் 94 ஆகிறது, அதாவது 670 கிலோ. அளவு மாறவில்லை, உள்ளே கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமாறு உடல் உறுதியாக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியால் கனத்த மின்சார கார்களுக்காக அதற்கும் மேலே ‘எச்எல்’ என்றொரு வகை வந்துவிட்டது.

இந்தக் குறிகள் சொல்லாத செய்தி ஒன்று, வயது. 2012 செப்டம்பரில் லண்டனுக்குத் தென்மேற்கே ஹைண்ட்ஹெட் அருகே ஏ3 சாலையில் இசைவிழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்றின் முன் டயர் வெடித்து மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல், பேருந்தைவிட மூத்தது. அன்றைய சட்டம் அதைத் தடுக்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின், 2021 பிப்ரவரி 1 முதல் பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பத்து ஆண்டு தாண்டிய டயர்களுக்குத் தடை வந்தது. கார்களுக்கு அந்தத் தடை இல்லை. எனவே பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தை நாமே தேடிப் பார்க்க வேண்டும்: 3521 என்றால் 2021-இன் 35-ஆம் வாரத்தில் செய்தது.

காற்றழுத்தம் குறைந்த டயர் கூடுதலாக நசுங்குகிறது; 70 மைலில் ஓடினாலும் அதைவிட வேகமாக ஓடியதுபோலச் சூடாகிறது. அப்போது 91-க்கும் ‘வி’க்கும் அர்த்தமில்லை. ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஹீத்ரோவுக்குக் கிளம்பும் முன், ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ முழுச் சுமைக்கென்று தனியே தந்திருக்கும் காற்றழுத்தத்தைப் பாருங்கள். டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவுக்கு அடித்தால்தான், தொழிற்சாலை கொடுத்த வாக்கு செல்லும்.