இரண்டு கையும் ஒரே அளவு காட்டட்டும்

இந்த வாரம் என் கடையில் நடந்த ஒரு நட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். நட்டத்தைவிட, அதில் நான் ஒருவருக்குச் செய்த அநியாயத்தைப் பற்றி என்று சொல்வதே சரி.

ஹட்டனில் எங்களுக்கு ஹார்ட்வெயார் கடை. வாப்பாவின் காலத்தில் ஆணி, தகரம், பெயின்ட் என்று இருந்த வியாபாரம் இன்று மெலமைன், எம்.டீ.எஃப், பிளைவுட் பலகைகளுக்கு மாறிவிட்டது. காரணம் உங்களுக்குத் தெரியும். தோட்டங்களில் லயன் அறைகளை விட்டு மக்கள் தனி வீடுகளுக்கு மாறி வருகிறார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், ஏற்கெனவே கட்டப்பட்டு வந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தத் திட்டத்து வீடுகள் 550 சதுர அடி அளவிலானவை. சிறிய வீட்டில் ஆயத்த அலுமாரி பொருந்தாது. சுவருக்கு அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். ஆகவே, பலகையை விற்பதோடு நிற்காமல், அளவுக்கு அறுத்தும் கொடுத்தால் வியாபாரம் கூடும் என்று நினைத்தேன்.

பெரிய பெனல் சோ வைக்க என் கடையில் இடமில்லை. மலைநாட்டுக் கடைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? முன்னுக்கு றோட்டு, பின்னுக்குப் பள்ளம். அதனால் ட்ரெக் சோ ஒன்று வாங்கினேன். பலகையின் மேல் ஒரு அலுமினிய ரெயிலை வைத்து, அதன் மேல் வட்டவாளை ஓட்டும் முறை இது. ஜேர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் 1960களில் கொண்டுவந்த இந்த முறையை இன்று பல கம்பெனிகளும் செய்கின்றன. எட்டுக்கு நாலு பலகையைத் தூக்கி மேசையில் தள்ளத் தேவையில்லை. பலகை கிடக்கும், வாள் நடக்கும்.

ஆனால் ரெயில் நேராக அறுக்குமே தவிர, எந்த இடத்தில் அறுப்பது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் டேப் பிடித்து, பென்சிலால் குறித்து, ரெயிலை வைக்க வேண்டும். இருபது துண்டு என்றால் நாற்பது குறி. நாற்பதில் ஒன்று பிழைத்தாலும் ஒரு பலகை போச்சு. இதற்குத்தான் 'பெரலல் கைட்' என்ற சமாந்தரக் கைகள் இருக்கின்றன. ரெயிலின் இரண்டு பக்கத்திலும் குறுக்காக இரண்டு கைகள். அவற்றில் அளவுகோலும், நகர்த்திப் பூட்டும் தடையும் உண்டு. இரண்டு தடையையும் ஒரே அளவில் பூட்டி, பலகையின் ஓரத்தில் முட்டவைத்தால் போதும். டேப்பும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். எத்தனை துண்டு அறுத்தாலும் ஒரே அகலம்.

நடந்தது என்ன?

ஒரு பாடசாலைக்குப் புத்தக அலுமாரிகள் செய்யும் ஓடர் கிடைத்தது. ஆறு அடி உயரம், இரண்டு கதவு. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் பாஸ்தான் அறுத்துப் பூட்டினார். பூட்டியபின் பார்த்தால், இரண்டு கதவுக்கும் நடுவில் கீழே மெல்லிய இடைவெளி, மேலே பென்சில் நுழையும் அளவுக்குத் திறப்பு. எல்லா அலுமாரியிலும் இதே கதைதான். அதிபர் ஏற்க மறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டிய பிறகு, ஒரு பலகை வீணாவது என்றால் வயிற்றில் அடித்த மாதிரி. கோபத்தில், "கவனமில்லாமல் அறுத்துப் போட்டீங்க" என்று சொல்லி, பாஸின் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வந்தார். "முதலாளி, கூலிக்காக வரல்லைங்க. ஒரு கீற்று அறுத்துப் பாப்போம், அவ்வளவுதான்" என்றார். இரண்டு கையையும் 300 மில்லிமீற்றரில் பூட்டினார். ஒரு துண்டை அறுத்து, இரண்டு கையும் நின்ற இடங்களில் அளந்தார். இடது பக்கம் 300, வலது பக்கம் 302.

கைகளில் அளவுகோல் நாடாவை ஒட்டியது யார்? நான்தான். பெட்டியைப் பிரித்த அன்று இரவு, கடை மூடும் அவசரத்தில் ஒட்டினேன். வலது நாடா இரண்டு மில்லிமீற்றர் தள்ளி ஒட்டப்பட்டிருந்தது. பாஸ் கோல் காட்டியபடிதான் பூட்டினார். பிழை கோலில் இருந்தது.

இரண்டு மில்லிமீற்றர் பெரிதா என்று கேட்பீர்கள். கைகள் நாலு அடி இடைவெளியில் நின்றன. கதவு ஆறு அடி. ஆகவே கதவின் முழு நீளத்துக்கும் சாய்வு மூன்று மில்லிமீற்றராகிறது. எதிர்க் கதவும் அப்படியே சாய, மொத்தம் ஆறு. பென்சில் நுழைந்தது அதனால்தான்.

சரியாகப் பொருத்தும் முறை

இந்த வாளை வைத்திருக்கும், அல்லது வாங்க நினைக்கும் நண்பர்களுக்காக, அந்தப் பாஸிடம் நான் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. ரெயிலின் ஓரத்தில் உள்ள ரப்பர் பட்டியை முதல் ஓட்டத்தில் வாளே அறுத்துவிடும். அந்த ஓரமே அறுக்கும் கோடு. வேறு வாளைப் பாவித்தால் அந்தக் கோடு மாறிவிடும். ஒரு ரெயிலுக்கு ஒரு வாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. கைகள் ரெயிலுக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

3. கோலை நம்பாமல் துண்டை நம்புங்கள். இரண்டையும் ஒரே எண்ணில் பூட்டி, கழிவுப் பலகையில் ஒரு கீற்று அறுத்து, இரண்டு முனையையும் அளந்து, வித்தியாசத்தைக் கோலில் திருத்துங்கள். காலையில் பத்து நிமிட வேலை.

4. கொழும்பிலிருந்து லொறியில் வரும் பலகையின் ஓரம் இடிபட்டிருக்கலாம். முதலில் அரை அங்குலம் அறுத்துவிட்டு, அந்தப் புதிய ஓரத்தில் தடையை முட்டவையுங்கள். தடைக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு மரத்தூள் கட்டி இருந்தாலும் அளவு போய்விடும். ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

5. வாள் தின்னும் மரத்தைக் கணக்கில் எடுங்கள். எங்கள் வாள் 2.2 மில்லிமீற்றர் தின்கிறது. 1220 மில்லிமீற்றர் அகலப் பலகையில் 305 வீதம் நாலு துண்டு வராது. மூன்று வெட்டுக்கு 6.6 போக, 303 வீதம்தான் வரும். ஓரத்தையும் சீர்செய்தால் இன்னும் குறையும். ஓடர் எடுக்கும்போதே இதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

6. இரண்டு தடையும் துண்டில் முட்ட வேண்டும். துண்டு குட்டையானால் கைகளை நெருக்கி வையுங்கள். ரெயிலைவிட ஒடுங்கிய துண்டென்றால், கையைத் திருப்பிப் பூட்டும் வசதி சிலவற்றில் உண்டு. இல்லாவிட்டால் மேசை வாளில் அறுங்கள்.

7. இந்தக் கைகள் சமாந்தரத்தை மட்டுமே தரும், சதுரத்தைத் தராது. துண்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பாருங்கள்.

வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு மரச் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒரே வெட்டில் சமநீளமாக அறுங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் கீழ்ப்புறமாக ஒரு சிறு கட்டையை அடித்தால் அது பலகையின் ஓரத்தில் கொளுவி நிற்கும். மறுமுனையில் ரெயிலின் பின்பக்கத்தை முட்டவையுங்கள். கட்டையிலிருந்து மறுமுனை வரையிலான நீளத்தோடு ரெயிலின் அகலத்தைக் கூட்டினால், அதுதான் துண்டின் அகலம். கட்டைகள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்துவிடுங்கள். எண்ணே இல்லாததால் எண் பிழைக்க வழியில்லை.

பழைய தேயிலைப் பெட்டி

மலையகத்துக்கு இது புதிய பாடமல்ல. கடதாசிப் பைகள் வருமுன் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் கப்பலேறியது. காலியருகே கிந்தோட்டையில் அரச ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இருந்ததும் அந்தப் பெட்டிகளின் தேவையால்தான். தோட்டத்துப் பெட்டி அடிப்பவர் ஒவ்வொரு பலகையையும் அளந்துகொண்டா இருந்தார்? பலகைகள் ஒரே அளவாக வந்தன. எடுத்தார், அடித்தார். அளவைத் தொழிலாளியின் கண்ணில் வைக்காமல் கருவியில் வைத்த காலம் அது. ஆனால் கருவியைச் சரிபார்ப்பது முதலாளியின் பொறுப்பு.

பாஸின் கூலியில் பிடித்த பணத்தை அன்றைக்கே கொடுத்தேன். கடையில் நின்றவர்களுக்கு முன்னால் குறை சொன்னதால், அவர்களுக்கு முன்னாலேயே என் பிழையையும் சொன்னேன். புதிய கதவுகள் என் செலவில் போய்ச் சேர்ந்தன. பாடசாலை ஏற்றுக்கொண்டது.

நம் கடைகளில் தராசைச் சோதிக்கிறோம், படியைச் சோதிக்கிறோம். அறுத்துக் கொடுக்கும் வியாபாரத்தில் அந்தக் கோலும் ஒரு தராசுதான், அதுவும் ஓர் அமானிதம். நட்டம் வந்தால் முதலில் வேலையாளின் கையைப் பார்க்காதீர்கள். நீங்கள் அவர் கையில் கொடுத்த கோலைப் பாருங்கள். அந்த 302 மில்லிமீற்றர் கீற்றை நான் வீசவில்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணியடித்து வைத்திருக்கிறேன்.