குச்சியில் தெரியாது, செடியில் தெரியும்

தை மாதம் கிழங்கு பிடுங்கி முடித்த காட்டு வரப்பில் குச்சிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கூலிக்குப் போன பெண்கள் வீடு திரும்பும்போது ஆளுக்கு நாலு குச்சி கேட்பார்கள். காட்டுக்காரரும் மறுக்கமாட்டார். "எடுத்துக்கினு போம்மா, எப்படியும் எரிக்கத்தான் போறேன்" என்பார். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கமெல்லாம் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் குச்சிக்கிழங்குச் செடி, அதாவது மரவள்ளி, பெரும்பாலும் இப்படி வந்ததுதான். காசில்லாமல் கிடைப்பதை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்? அந்த நாலு குச்சியோடு வீட்டுக்குள் என்னென்ன வரக்கூடும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் என்றால் எல்லோருக்கும் 2024 ஜூன் நினைவுக்கு வரும். விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மாதம் அது. சம்பாதித்த ஆள் இல்லாமல் போன வீட்டின் பின்கட்டில் விளையும் பத்து கிலோ கிழங்கும் ஒரு வாரச் சோற்றுக்குத் துணை. ஒரு நல்ல செடி மூன்று நான்கு கிலோ கிழங்கு தரும். நோயாளிக் குச்சியை நட்டுவிட்டுப் பத்து மாதம் தண்ணீர் ஊற்றினால், கடைசியில் விரல் தடிமனில் நாலு வேர் கிடைக்கும்.

மரவள்ளிக்கு முதல் எதிரி தேமல் நோய். வைரஸால் வருவது. வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். ஆனால் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது நாம்தான், குச்சி வழியாக. தாய்ச்செடிக்கு நோய் இருந்தால் அதன் குச்சி ஒவ்வொன்றிலும் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். இலங்கையின் பெயர் தாங்கிய மரவள்ளித் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து அண்டை நாடுகளுக்கும் அது பரவியதில் நோய்பட்ட குச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அறுவடைக் காலத்தில் குச்சி மொட்டையாக இருக்கும், இலை இருக்காது. நோய் தெரிவதோ இலையில். வரப்பில் கிடக்கும் கட்டைப் புரட்டிப் பார்த்து "தடியா நல்லாத்தான் இருக்கு" என்று எடுத்து வந்தால், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்திருக்கிறோம். பங்குனியில் நட்ட காடு ஆடியில் தழைத்து நிற்கும். அப்போது போய்ப் பாருங்கள். நோய்பட்ட செடியின் விரல் விரலாய்ப் பிரிந்த இலையில் ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் வெளிர் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு விரல் நீண்டும் அடுத்தது கோணிச் சுருங்கியும் இருக்கும். அந்தச் செடி வேண்டாம். சுத்தமாக இருக்கும் செடிகளில் காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, தையில் அடையாளம் தெரிய ஒரு துணியைக் கட்டிவிட்டு வாருங்கள்.

தேமல் மட்டுமல்ல, மாவுப்பூச்சியும் குச்சியோடு வரும். மரவள்ளிக்கென்றே உள்ள மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, பிறகு நம் சேலம், நாமக்கல் காடுகளை உலுக்கியது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2022 மார்ச்சில் சேலம் பக்கத்து ஏத்தாப்பூரில் விட்டார்கள். குச்சியின் கணுவில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் அந்தக் கட்டையே தொடாதீர்கள்.

இனி ரகம். நம் பக்கத்துக் காடுகளில் விளையும் கிழங்கில் பெரும்பகுதி சேகோ ஆலைக்குப் போகிறது. ஆலை மாவுச்சத்தைப் பாயின்ட் கணக்கில் பார்த்து விலை போடும். அதனால் காட்டுக்காரர் நடுவதும் எச் 226 போன்ற ஆலை ரகம். அது வியாபாரத்துக்கு நல்லது, அடுப்புக்கு ஏற்றதல்ல. மரவள்ளியில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. இலையோ கிழங்கோ நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு பிரிந்து வரும். கசப்பு ரகங்களில் இது அதிகம், வறட்சியில் இன்னும் கூடும், தோலிலும் இலையிலும் மிக அதிகம். பிள்ளைகள் சாப்பிடுவதற்கென்று நடுகிறவர் ஆலைக் காட்டுக் குச்சியை நடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சமையலுக்கென்றே பெயர் பெற்றது எம் 4. திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா இரண்டும் ஆறேழு மாதத்தில் வந்துவிடும், வெந்தால் பூப்போல இருக்கும். ஆனால் தேமலைத் தாங்கும் என்று இவற்றை நம்ப முடியாது. தாங்குவது ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா போன்றவை. சேலம் சாலையில் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ரகக் குச்சி இருக்கிறது, அது சமையலுக்கா ஆலைக்கா என்று அங்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுவிட்டே வாங்குங்கள்.

எட்டு முதல் பத்து மாதச் செடியின் நடுத்தண்டுதான் விதைக்குச்சி. நுனியும் அடியும் வேண்டாம். ஒரு சாண் அளவுக்கு, எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி, கூரிய கத்தியால் நசுங்காமல் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பால் துளிர்த்தால் குச்சிக்கு உயிர் இருக்கிறது. மொட்டு மேல் நோக்கி இருக்கும்படி நடுங்கள். முளைத்து முதல் இலை விரிந்ததும் தேமல் தெரிந்தால் இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள்.

கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் துப்பிவிடுங்கள். சாப்பிட்டபின் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். ஆடு கட்டியிருப்பவர்கள் செடியைச் சுற்றி முள் போடுவது அவசியம். தழையைக் கடித்த ஆடு சிறிது நேரத்திலேயே விழுந்துவிடும், உடனே முறிவு ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

உருளைக்கிழங்கு நடலாமா என்றும் கேட்கிறார்கள். இரவுக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அது நன்றாகக் கிழங்கு வைக்கும். கருணாபுரம் மண்ணில் இலை வரும், கிழங்கு கோலிக்குண்டு அளவில் நிற்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் குளிர் மாதங்களில் முயலலாம். ஆனால் "ஊட்டி விதைக்கிழங்கு" என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1961இல் ஊட்டியில் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு காரணமாக, நீலகிரியிலிருந்து விதை உருளை வெளியே போகத் தடை இருக்கிறது. அந்தப் புழுவின் முட்டைக்கூடு மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அந்த மண் ஒரு பிடி மலைக்கு ஏறினால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இறங்காது.

காசு கொடுத்து வாங்கி ஏமாந்தால் என்ன செய்வது? 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் "விதை" என்று சொல்வதில் கிழங்கும் குச்சியும் அடக்கம். கடைக்காரர் விதை விற்க உரிமம் வைத்திருக்க வேண்டும், பில் தர வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, தான் விளைவித்ததைத் தன் இடத்திலேயே நேராக விற்கும் விவசாயிக்கு விலக்கு அளிக்கிறது. அதாவது காட்டு வரப்பில் வாங்கிய குச்சிக்கு விதை ஆய்வாளரிடம் முறையிட வழியில்லை. அங்கே உங்கள் கண்தான் ஆய்வாளர்.

கடையிலோ நர்சரியிலோ வாங்கியதென்றால் கதை வேறு. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லிவிட்டது. முழு விதையையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் "சோதனைக்கு மாதிரி எங்கே" என்று கேட்பது சரியல்ல என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பில்லையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். தேமல் தெரிந்த அன்றே இலையைத் தேதியோடு படம் எடுத்து, தோட்டக்கலை அலுவலரை வரவழைத்து அவர் பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எதுவும் புரியாவிட்டால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

இன்னொரு பயம் பலருக்கு உண்டு, பதிவுபெற்ற ரகக் குச்சியை அக்கம்பக்கத்தில் கொடுத்தால் வழக்கு வருமோ என்று. 2019இல் பெப்சிகோ தன் எஃப்சி 5 உருளை ரகத்துக்காகக் குஜராத் விவசாயிகள் மேல் வழக்குப் போட்ட செய்தி வந்ததிலிருந்து இந்தப் பயம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்க, மறுபடி நட, பகிர, மாற்றிக்கொள்ள, விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகம் என்று காட்டும் சீட்டு ஒட்டிப் பொட்டலமாக விற்பதற்கு மட்டுமே தடை.

ஆகவே இந்த ஆடியில் துணி கட்டிய நாலு செடியின் குச்சியைத் தையில் வெட்டி, நிழலில் நிமிர்த்திவைத்து, தெருவில் கேட்கிறவர்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுங்கள். கொடுக்கும்போது ரகத்தின் பெயரையும் ஆட்டுக்குத் தழை ஆகாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.