கோடு போட்டால் புல் முளைக்கும்! காற்றடித்தால் ஆடும்!

கம்ப்யூட்டர் தூரிகையின் மாயா ஜாலம்

பேனாவை இழுத்தால் கோடு விழும். இது எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தூரிகையை இழுத்தால் புல் முளைக்கும்! வேறு தூரிகையை எடுத்தால் மரம் வளரும், தலைமுடி தொங்கும். அதோடு விட்டதா? காற்றடித்தால் ஆடவும் செய்யும்!

"என்னப்பா, கதை விடுறியா?" என்கிறீர்களா? கதை இல்லை, கணக்கு!

நம்ம பெயர்

கனடா நாட்டின் டொரண்டோ நகரில் இருந்த கம்பெனி ஏலியாஸ் வேவ்பிரண்ட். கம்ப்யூட்டரில் உருவங்களை நடமாட வைக்கும் சாப்ட்வேர் ஒன்றை 1998-ல் வெளியிட்டது. பெயர் 'மாயா'. நம்ம ஊர் மாயைதான்!

1999-ல் அதில் 'பெயிண்ட் எபெக்ட்ஸ்' என்ற தூரிகைப் பெட்டி சேர்ந்தது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் டங்கன் பிரின்ஸ்மீட். 2006 முதல் மாயா, அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் கம்பெனி வசம் இருக்கிறது.

கை ஒடிந்து போகும்!

சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடும். 10 விநாடிக்கு 240 படம். வயலில் ஆயிரம் புல் இருக்கிறது என்று வையுங்கள். அத்தனையையும் 240 தடவை வரைந்தால் கை என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் பழைய கார்ட்டூன் படங்களில் முயல் ஓடும். பின்னால் உள்ள மரம் பெரும்பாலும் அசையாது.

இங்கே வரைபவர் இழுப்பது ஒரே கோடு. அதன் நெடுகப் புற்கள் குழாய் குழாயாக முளைக்கின்றன. ஒவ்வொரு குழாயும் பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. புவியீர்ப்பு இவ்வளவு, காற்று இவ்வளவு என்று எண்ணைக் கொடுத்தால், எந்தத் துண்டு எவ்வளவு வளையும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும்.

காற்றில்கூட 'புல் காற்று', 'மரக் காற்று' என்று தனித்தனி வகை உண்டு! புல் காற்றில் அடி நிற்கும், நுனி ஆடும். மரக் காற்றில் அடிமரத்தைவிடக் கிளை நுனிகள் அதிகம் அசையும்.

ஆனால் எண் கொஞ்சம் பிசகினால் போச்சு! தென்றல் கேட்ட இடத்தில் புயல் அடிக்கும். புல்லெல்லாம் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். "இது சரியில்லே" என்று கண்டுபிடிக்க மனுஷன் கண்தான் வேண்டும். எழவு வீட்டுக் காட்சிக்கு எந்தக் காற்று, காதல் காட்சிக்கு எந்தக் காற்று என்று மெஷினுக்கு என்ன தெரியும்?

தெருவில் நின்ற கலைஞர்

"அப்போ கையால வரையறவன் பிழைப்பு?" என்று கேட்கலாம்.

அதற்கு ஒரு கதை உண்டு. உண்மைக் கதை!

கனடாவில் ரயான் லார்க்கின் என்று ஒரு கலைஞர். 1968-ல் கையால் வரைந்து அவர் எடுத்த 'வாக்கிங்' என்ற குறும்படம் ஆஸ்கார் போட்டி வரை போனது. அப்புறம் மதுவும் போதையும் அவரைச் சாய்த்தன. மாண்ட்ரீல் நகரத் தெருவில் கையேந்தி நின்றார். அவரை வீழ்த்தியது கம்ப்யூட்டர் அல்ல!

மாயா கம்பெனியில் முன்பு வேலை பார்த்த கிறிஸ் லாண்ட்ரெத், அவரைச் சந்தித்துப் பேசினார். அந்தப் பேச்சை வைத்து மாயாவிலேயே 'ரயான்' என்ற குறும்படம் எடுத்தார். 2004-ல் வந்த அந்தப் படம் 2005-ல் ஆஸ்கார் பரிசைத் தட்டிச் சென்றது. லார்க்கின் 2007-ல் காலமானார்.

புல்லை ஆட்டுவதற்குக் கம்ப்யூட்டர் போதும். தெருவில் நின்றவரிடம் போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஒரு மனுஷன்தான் போக வேண்டியிருந்தது!