மூன்று அலையெண்ணை நம்பலாமா?

இம்மாத முடிவுக்குள் ஆய்வுத்திட்டம் ஒப்படைக்கவேண்டிய மாணவர்கள், களுதாவளையிலிருந்தும் மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலிருந்தும் எழுதிய கடிதங்கள் பலவற்றில் ஒரே சந்தேகம் தலைகாட்டுகிறது: செங்கீழ்த் திருசியமானி இலிப்பிட்டு மென்சவ்வின் அமைப்பை நொடிப்பொழுதில் வெளிப்படுத்தும் என்னும் கருவி விற்போரின் பிரகடனம் மெய்தானா? கருவி தருவது எந்த அலையெண்ணில் எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டது என்ற வளைகோடு மட்டுமே; அமைப்பு என்பது அதிலிருந்து நாம் செய்யும் அனுமானம்.

அவ்வனுமானத்தின் சூட்சுமம் ரசிக்கத்தக்கது. பாமிற்றிக் அமிலச் சங்கிலிகள் இரண்டைத் தாங்கிய பொசுபற்றிடைல்கோலின் என்ற இலிப்பிட்டை நீரில் பரப்பி மெல்லச் சூடாக்கினால், 41 பாகை செல்சியசை அண்டியதும், நிமிர்ந்து நெருங்கி நின்ற சங்கிலிகள் இடையிடையே முறுகி, நுவரெலியாக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் நம்மூர் வெயிலில் இளகுவதுபோல இளகுகின்றன. ஆயினும் இலிப்பிட்டுகள் அமைக்கும் இருபடை குலைவதில்லை. அவ்வேளையில் காபன்–ஐதரசன் பிணைப்புகளின் சமச்சீர் நீட்டல் அதிர்வு, சென்ரிமீற்றருக்கு 2850 அலைகள் என்ற அளவிலிருந்து ஏறக்குறைய 2853க்கு உயர்கிறது.

பிரிதிறன் 2 அல்லது 4 அலையெண்ணாக இயக்கப்படும் கருவியில் இந்த மூன்று அலையெண் நகர்வை எவ்வாறு நம்புவது? அருகருகே கிடக்கும் இரு பட்டைகளைப் பிரித்தறிவது வேறு, தனித்து நிற்கும் ஒரு பட்டையின் மையத்தைக் குறிப்பது வேறு. இரைச்சல் குறைந்திருந்தால் மையத்தை ஓர் அலையெண்ணின் பத்திலொரு பங்குக்கும் நுண்ணிதாகக் கணிக்கலாம் என்பதை, 1980களின் தொடக்கத்தில், ஒட்டாவாவிலுள்ள கனடியத் தேசிய ஆராய்ச்சிச் சபையைச் சேர்ந்த கமரன், மான்ற்ச் முதலியோர் நிலைநாட்டினர்.

என் கலக்கம் வேறிடத்தில். அந்த எண் ஒரு சராசரி. சங்கிலிகள் யாவும் சிறிதளவு முறுகினாலும், சில முற்றாக முறுகி ஏனையவை அசையாது நின்றாலும், ஏறத்தாழ அதே எண் கிடைக்கக்கூடும்; விளம்பரத்தாள்கள் இதைச் சொல்வதேயில்லை. கலவையிலுள்ள ஓர் இலிப்பிட்டின் ஐதரசனுக்குப் பதிலாகத் தியூத்தேரியத்தை ஏற்றினால், அதன் பட்டை 2090 அளவுக்கு இறங்கி, வேறு இலிப்பிட்டுப் பட்டை எதுவும் குறுக்கிடாத வெளியில் தனியே பேசத் தொடங்குகிறது என்பதே தப்பும் வழி.

ஏனைய வினாக்கள்:

பார நீர் எதற்கு? சாதாரண நீர் 1645 அருகே உறிஞ்சிப் புரதத்தின் முக்கிய பட்டையை மறைப்பதால். பார நீரோ 1210 அருகே பொசுபேற்றுப் பட்டையைத் தொந்தரவு செய்யும்.

மாதிரி அழியுமா? அழியாது.

ஒரே வெப்பநிலையில் எடுத்த ஒற்றைத் திருசியத்தை மென்சவ்வின் அமைப்புக்குப் பிரமாணமாக ஒப்படைக்கவேண்டாம். வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தி அளந்த அலையெண் வளைகோட்டையும் உடன் இணையுங்கள்.