மாத்திரை அம்மாவுக்கு, குணம் பிள்ளைக்கு! தெரியுமா?

பேச்சே வராத கைக்குழந்தைக்கு அம்மாவின் முகம் வாடினால் தெரியுமா? தெரியும்! அதுவும் நொடிப்பொழுதில்! 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை இது. அம்மா குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே இருந்து, சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வார். சிரிப்பும் கிடையாது, பேச்சும் கிடையாது. குழந்தை சும்மா இருக்குமா? கைவசம் உள்ள வித்தையெல்லாம் காட்டும். சிரிக்கும், கையை நீட்டும், 'ஆ...' என்று கத்திக் கூப்பிடும். எதுவும் பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இல்லையென்றால் வீறிட்டு அழும். இத்தனையும் சுமார் இரண்டே நிமிடத்தில்! அம்மாவின் முகத்தை இப்படி வாடவைக்கும், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வோ மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியது. (தயவுசெய்து இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பாவம் குழந்தை.)

அடுத்தது இன்னும் ஆச்சரியம்! 'என் தங்கம்ல, என் பட்டுல்ல' என்று கொஞ்சும்போது நம் குரல் தானாக ஏறி இறங்கும். மனச்சோர்வில் இருக்கும் அம்மாவின் குரலில் இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிவிடுகிறது. இதனால் என்ன ஆகும் என்று பீட்டர் கப்லன் குழுவினர் நான்கு மாதக் குழந்தைகளிடம் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். குரல் கேட்டால் அடுத்து ஒரு முகம் தெரியும், அவ்வளவுதான் பாடம். சோர்வுற்ற அம்மாவின் குரலில் அவருடைய குழந்தையே இதைக் கற்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத, சோர்வில்லாத ஓர் அம்மாவின் குரலைப் போட்டதும் டக்கென்று பிடித்துக்கொண்டது! குழந்தையின் கற்கும் திறனில் ஒரு கோளாறும் இல்லை என்பது இதிலேயே தெரிகிறதே. நெடுநாள் சோர்வில் இருந்த அம்மாக்களின் குழந்தைகள் ஆண்குரல் கொஞ்சலுக்கு நன்றாகக் கற்றன என்று அதே குழு பின்னர் கண்டது. அப்பாக்களே, காதில் விழுகிறதா?

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர் சமாச்சாரம் என்கிறீர்களா? வேலூர் பக்கம் கணியம்பாடிக் கிராமங்களில் நடந்த ஆய்வும் 2002-ல்தான் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 100-க்கு 11 பேர்! ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு உரசல், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது, வருமானக் குறைவு எல்லாம் அதற்குத் துணைபோயின. நாமோ 'பச்சை உடம்புக்காரி, அலுப்பாத்தான் இருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அம்மாவின் மனசுக்கும் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு! பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் அதீஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே மனச்சோர்வைப் பேசித் தணிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2008-ல் வந்த முடிவு: குழந்தையின் ஆறாவது மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் பார்த்துவந்த மனச்சோர்வுற்ற அம்மாக்களில் 23 சதவீதம் பேருக்கே சோர்வு மிஞ்சியிருந்தது, பயிற்சி பெறாதவர்கள் பார்த்துவந்தவர்களில் 53 சதவீதம்! அதோடு, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசிகளும் ஒழுங்காகப் போடப்பட்டன.

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிர்னா வைஸ்மன் குழு 2006-ல் வெளியிட்டதுதான். மனச்சோர்வில் இருந்த 151 அம்மாக்களும் அவர்களின் பிள்ளைகளும். பிள்ளைகளுக்கு வயது 7 முதல் 17 வரை. ஆய்வில் மருந்து கொடுத்தது அம்மாக்களுக்கு மட்டும்! மூன்றே மாதத்தில், முற்றிலும் தேறிய அம்மாக்களின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகள் 11 சதவீதம் குறைந்தன. தேறாத அம்மாக்களின் பிள்ளைகளிடம் 8 சதவீதம் கூடின. பிள்ளை சிடுசிடுக்கிறது, யாரோடும் ஒட்டவில்லை என்று அதை மட்டும் டாக்டரிடம் இழுத்துப் போகிறவர்கள், 'நீ எப்படிம்மா இருக்கே?' என்று அதன் அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

அதற்காக அம்மா 24 மணி நேரமும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! நல்ல நிலையில் உள்ள தாயும் சேயும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒத்துப்போகிறார்கள் என்று அதே ட்ரோனிக் கண்டிருக்கிறார். மீதி நேரம் பிசகுவதும் சரியாவதும்தான்!

சோர்வு இருக்குமோ என்று பார்க்க ஸ்கேனெல்லாம் தேவையில்லை. 1987-ல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. தமிழிலும் இருக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால், இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.